நோயை மறைப்பது மானமாகுமா?





இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் காசநோய். ஜும்ஆ நாளில் பள்ளிவாசலில் நின்று டி.பி.யைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றிப் பேசுவதைப் போலவே இதையும் பேச வேண்டிய கடமை எனக்கு உண்டு. அந்தக் கடமையில் ஒருமுறை தவறியவன் நான் என்பதால் மற்றவர்களைக் காட்டிலும் எனக்கு அது சற்றுக் கூடுதலாகவே உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் கண்டது என்றும், சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர் அதனால் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நோய் கண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் நம் இந்திய நாட்டைச் சேர்ந்தவர். மருந்தே இல்லாத நோய் என்றால் இவ்வளவு பேர் இறப்பதை விதியென்று சொல்லி நாம் பொறுமை காக்கலாம். இதற்கு மருந்து உண்டு. அதுவும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் சாகிறார்கள் என்றால், கோளாறு மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே எங்கோ இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நம்முடைய வீடுகளும், நம்முடைய நாவுகளும், நம்முடைய ஜமாஅத்துகளும் இருக்கின்றன.

இந்நோய் எதனால் வருகிறது? பரம்பரைச் சாபம் என்பார்கள், கண்ணேறு என்பார்கள், ஏதோ கெட்ட நடத்தையின் விளைவு என்றும் கூசாமல் சொல்வார்கள். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், ஜெர்மனியின் பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்ற மருத்துவ அறிஞர், இந்நோயை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி என்பதை அறிஞர் அவையில் விளக்கினார். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 24ஆம் நாள் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நுரையீரலில் நோய் முற்றிய ஒருவர் இருமும்போதும், தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் கலக்கின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அவை பல மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும். அதே அறையில் இருப்பவர் மூச்சை உள்ளிழுக்கும்போது கிருமியும் உள்ளே செல்கிறது. பரவும் வழி இதுவே. அவர் உண்ட தட்டால் பரவுவதில்லை. குடித்த குவளையால் பரவுவதில்லை. முஸாபஹா செய்வதால் பரவுவதில்லை. அவர் உடுத்திய துணியைத் துவைப்பதாலும் பரவுவதில்லை. தட்டைத் தனியே வைத்துவிட்டுச் சன்னலை அடைத்து வைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே செய்யத் தேவையில்லாததைச் செய்கிறார்கள். செய்ய வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். வெயிலும் காற்றும் புகும் வீட்டில் இந்தக் கிருமிக்கு வாழ்வு குறைவு.

கிருமி உள்ளே போன எல்லோரும் நோயாளி ஆகிவிடுவதில்லை. நம் உடலில் அல்லாஹ் வைத்துள்ள காவல் அணுக்கள் அதைச் சூழ்ந்து சிறைப்படுத்திவிடுகின்றன. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருடைய உடலில் இக்கிருமி இப்படி உறங்கிக்கொண்டிருக்கிறது என்பது மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேர் வரைக்குமே வாழ்நாளில் என்றேனும் நோய் வெளிப்படுகிறது. காவல் தளரும்போது சிறைக்கதவு திறந்துகொள்கிறது. போதிய உணவின்மை, சர்க்கரை நோய், எச்.ஐ.வி., மது, புகை ஆகியன காவலைத் தளர்த்துபவை. நம் சமுதாயத்தில் மதுவை வெறுப்பவர்கள்கூடப் பீடி, சிகரெட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. தொழுதுவிட்டுப் படியிறங்கும்போதே பற்ற வைப்பவர்களும் உண்டு. இதை இங்கே போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

சகோதரர்களே! தொற்று என்று ஒன்று மார்க்கத்தில் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நோய் தானாகத் தொற்றுவதில்லை என்ற கருத்தில் ஒரு நபிமொழி இருப்பது உண்மையே. அதே நபி (ஸல்) அவர்கள்தாம், நோயுற்ற ஒட்டகங்களை நலமுள்ள ஒட்டகங்களிடையே கொண்டுவந்து விடலாகாது என்றும் தடுத்தார்கள். இரண்டும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக நமக்கு வந்தவை. நோய்க்குத் தானே இயங்கும் தெய்வீக ஆற்றல் இருப்பதாக அறியாமைக் கால அரபிகள் நம்பினார்கள். முதலாவது, அந்த நம்பிக்கையை மறுப்பது. இரண்டாவது, அல்லாஹ் அமைத்த காரண காரியத்தை மதித்து நடக்கக் கற்பிப்பது. இமாம்கள் பலரும் இவ்வாறே பொருத்திக் காட்டியுள்ளார்கள். கிரனடாவில் வாழ்ந்த இப்னுல் கதீப், 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினைக் கொள்ளைநோய் தாக்கியபோது, தொற்று என்பது கண்ணாரக் கண்ட உண்மை என்று துணிந்து எழுதினார். நுண்ணோக்கி இல்லாத காலத்தில், எந்த வீட்டில் யார் விழுந்தார், யார் தப்பினார் என்று கவனித்தே அவர் அம்முடிவுக்கு வந்தார்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். ஷாம் நாட்டை நோக்கிப் படைத்தளபதிகளைக் காணப் புறப்பட்டவர்கள் ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. முஹாஜிர்களைக் கூட்டிக் கேட்டார்கள், அன்ஸாரிகளைக் கேட்டார்கள், இரு சாராரிடமும் கருத்து வேறுபாடு. பிறகு குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். திரும்பிவிடலாம் என்று அவர்கள் ஒரே குரலில் கூறினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடையளித்தார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமாக உள்ள பள்ளத்தாக்கில், எந்தப் பக்கம் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்று உவமையும் காட்டினார்கள். அதன் பின்னரே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்பவர் தப்பியோடவும் வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தார்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டின் அந்த அம்வாஸ் கொள்ளைநோயில் அபூஉபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) போன்ற பெருமக்கள் ஷஹீதானார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த நபிமொழியைக் கையில் எடுத்துக்கொண்டு, காசநோயாளியை வீட்டைவிட்டு விலக்கி வைக்க ஆதாரம் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அது கொள்ளைநோய்க்குச் சொல்லப்பட்டது. காசநோயின் இயல்பு வேறு. இதற்கான விடை வெகுதொலைவில் இல்லை. நம் சென்னையிலேயே கிடைத்தது. பலருக்கும் தெரியாத செய்தி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அக்காலத்தில் காசநோய் என்றால் நோயாளியை ஊருக்கு வெளியே உள்ள சானடோரியத்தில் சேர்த்துவிட வேண்டும், மாதக்கணக்கில் படுக்கையும் நல்ல உணவும் தூய காற்றும் கொடுக்க வேண்டும் என்பதே மருத்துவ விதி. தாம்பரம் சானடோரியம் என்று இன்றும் ரயில் நிலையத்துக்குப் பெயர் இருக்கிறதே, அது அந்தக் காலத்தின் மிச்சம். படுக்கைகளோ சில நூறு, நோயாளிகளோ லட்சக்கணக்கில். இந்நிலையில் 1956ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையேற்றார். சென்னையின் ஏழை மக்களிலிருந்து 193 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் ஏறக்குறையப் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வு குறைவு, உணவு குறைவு, இடநெருக்கடி அதிகம். அப்படியிருந்தும் ஆண்டு முடிவில் குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. 1959இல் இம்முடிவு வெளியானபோது உலகமே வியந்தது.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இரு சாராரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பராமரித்த குடும்பங்களில், அதனால் கூடுதலாக எவருக்கும் நோய் வந்துவிடவில்லை. தொற்று பெரும்பாலும் நேர்ந்தது, நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த, மருந்து தொடங்குவதற்கு முந்திய காலத்தில்தான். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இது ஒரு பெருங்காரணமாயிற்று. அந்தச் சேத்துப்பட்டு மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இதன் பொருளை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். மருந்து உண்ணும் மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு மாதமாக இருமிக்கொண்டு சோதனைக்குச் செல்லாத மாமனாரைப் பேரப்பிள்ளையோடு ஒரே அறையில் படுக்க வைக்கிறோம். ஆபத்து எந்த அறையில் இருக்கிறது?

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன தவறுக்கு வருகிறேன். ஆண்டு 2009. அப்போது நான் வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். எங்கள் முஹல்லாவில் தையற்கடை வைத்திருந்த இளைஞர் ஒருவர், மஃரிபுக்குப் பின் என்னிடம் தனியாக வந்தார். காசநோய் என்று சொல்லிவிட்டார்கள், மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது, இருமல் நின்றுவிட்டது, உடலும் தேறிவிட்டது என்றார். அன்றைய முறைப்படி, வாரம் மூன்று நாள் சுகாதார நிலையத்துக்குச் சென்று, பணியாளர் கண்முன்னே மாத்திரையை விழுங்க வேண்டும். அவருடைய தங்கைக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் அந்த வழியாகத்தான் போய்வருகிறார்கள், யாரேனும் பார்த்துவிட்டால் சம்பந்தம் முறிந்துவிடும், என்ன செய்வது ஹஜ்ரத் என்று கேட்டார்.

ஒரு குடும்பத்தின் மானம் காப்பது நன்மை என்று எண்ணினேன். கல்யாணம் முடியும்வரை யாருக்கும் தெரிய வேண்டாம் தம்பி என்றேன். மருந்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் தெரியாமல் அந்த நிலையத்துக்கு அவர் எப்படிச் செல்வார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் போவதை நிறுத்திவிட்டார். நிக்காஹ் சிறப்பாக நடந்தது. நானே குத்பா ஓதினேன். அடுத்த ஆண்டு நோய் திரும்பியது. இம்முறை பழைய மாத்திரைகளுக்குக் கிருமி அடங்கவில்லை.

ஏன் அடங்கவில்லை? பல கிருமிகள் இருபது நிமிடத்திலேயே இரண்டாகப் பெருகிவிடும். காசநோய்க் கிருமி ஒருமுறை பெருக ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மெதுவாக வளர்வதைக் கொல்லவும் நீண்ட காலம் தேவை. முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலானவை மடிந்துவிடும். இருமல் நிற்கும், பசி எடுக்கும், நோயாளி தம்மைக் குணமானவராக எண்ணிக்கொள்வார். எஞ்சியிருப்பவை பதுங்கியிருப்பவை. மீதி நான்கு மாத மருந்து அவற்றுக்காகவே. பெரும் எண்ணிக்கையிலான கிருமிகளிடையே, ஏதாவது ஒரு மருந்துக்கு அசையாத சில எப்போதும் இருக்கும். அதனால்தான் ஒரே நேரத்தில் பல மருந்துகள் தரப்படுகின்றன. ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று பிடிக்கும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியே கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் மருத்துவர்கள், தேறிய நோயாளிகளில் பலர் மீண்டும் நலிவதைக் கண்டு கற்ற பாடம் இது. அரைகுறையாக நிறுத்தினாலோ, ஒன்றைத் தின்று மற்றதை விட்டாலோ, தப்பிப் பிழைத்தவை பெருகி மருந்தை எதிர்க்கும் கூட்டமாகிவிடுகின்றன. அந்தக் கூட்டம் பிறருக்கும் அப்படியே பரவும்.

அந்தத் தம்பிக்கு இரண்டாண்டுகள் மருத்துவம் நடந்தது. அதில் பல மாதங்கள் கானாமைசின் ஊசி. உயிர் மீண்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஊசியின் பக்கவிளைவால் செவிப்புலன் போய்விட்டது. இன்றும் அவர் ஐவேளை ஜமாஅத்துக்கு வருகிறார் என்று அவ்வூரார் சொல்வார்கள். பாங்கு அவர் காதில் விழுவதில்லை. கடையில் மாட்டியுள்ள கடிகாரத்தைப் பார்த்துத் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வருகிறாராம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், ஒரு தாளில் எழுதிக் காட்டி. அவர் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2017 முதல் நாடெங்கும் தினசரி மாத்திரை முறை வந்துவிட்டது. மருந்தை எதிர்க்கும் காசநோய்க்கும் ஊசியில்லாமல், ஆறு மாதத்தில் முடியும் மாத்திரை முறைக்கு 2024இல் நம் நாட்டில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. கண்டறியும் முறையும் முன்னேறியுள்ளது. முன்பு சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கிருமி குறைவாக இருந்தால் தப்பிவிடும். இப்போது கிருமியின் மரபணுவையே தேடும் சோதனைகள் உள்ளன. நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட் என்னும் சிறு கருவி மின்கலத்தில் இயங்கக்கூடியது. நோய் இருக்கிறதா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்ற இரண்டையும் அன்றைக்கே சொல்லிவிடும்.

ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலும், மாலையில் காய்ச்சல் வந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், இரவில் வேர்த்துக் கொட்டினாலும், சளியில் இரத்தம் தென்பட்டாலும் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை; நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். ஓதிப் பார்ப்பதற்கு என்னிடம் தண்ணீர் கொண்டுவருபவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. ஓதித் தருகிறேன், கூடவே, சளி சோதித்தாயிற்றா என்றும் கேட்கிறேன். துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மருத்துவம் செய்துகொள்ளுங்கள், அல்லாஹ் நோயைப் படைத்தபோது அதற்குரிய நிவாரணத்தையும் படைத்திருக்கிறான் என்ற கருத்தில் நாட்டுப்புற அரபிகளுக்கு விடையளித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்துக் கட்டியாக, முதுகெலும்பில், கருப்பையிலும்கூட வரும். அவ்வகை பிறருக்குத் தொற்றுவதில்லை. குழந்தைப்பேறு இல்லாமைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். கண்டறிந்தால் மருந்து உண்டு. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி, மூளையைத் தாக்கும் கொடிய வகையிலிருந்து சிறுவர்களைக் காக்கிறது, தவறாமல் போடுங்கள். ஆனால் பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்க அது போதாது என்பதை, செங்கல்பட்டுப் பகுதியில் 1968இல் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், உடன் வாழும் எல்லோரும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், சோதனைக்குச் சென்று, மருத்துவர் சொன்னால் தடுப்பு மருந்தும் உண்ண வேண்டும்.

மருந்து தொடங்கியவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும்; அது மாத்திரையின் நிறம், அஞ்ச வேண்டாம். கண் மஞ்சளாகி வாந்தி வந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நுரையீரல் நோயாளி முதல் இரண்டு வாரமேனும், மருத்துவர் சொல்லும்வரை, ஜமாஅத்துக்கும் ஜும்ஆவுக்கும் வராமல் வீட்டில் தொழுதுகொள்ளட்டும். பச்சைப் பூண்டின் வாடைக்கே பள்ளியைத் தவிர்க்கச் சொன்ன மார்க்கம் இது. இவருடையது அதைவிடப் பெரிய தகுந்த காரணம். அதற்குப் பின் அவர் வந்து ஸஃப்பில் நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவர் நகர்ந்துகொள்ளக் கூடாது. ரமழானில் நோயாளிக்கு இறைவன் சலுகை தந்திருக்கிறான். நோன்புக்காக ஒருநாள் மாத்திரையையும் தாமாக விடலாகாது. நோற்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, விடுபட்டதைப் பின்னர் களாச் செய்துகொள்ளலாம். தும்மும்போது நபி (ஸல்) அவர்கள் கையாலோ ஆடையாலோ முகத்தை மறைத்துக்கொள்வார்கள். இருமலுக்கும் அதுவே நமக்கு வழி.

நமது பைத்துல்மால் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை நிறுவனத்தின் பங்கேற்போடு ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். கொடுக்கப்படாத குடும்பங்களோடு ஒப்பிட, அவர்களிடையே புதிதாக நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 39 அளவுக்குக் குறைந்தார்கள். ஊசியல்ல, மருந்தல்ல, சோறு! அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது நோயாளி ஒருவருக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மற்ற நால்வருக்கு யார் கொடுப்பது? நமது முஹல்லாவில் இப்போது மருந்து உண்ணும் குடும்பங்கள் மூன்று இருப்பதாக அறிகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். நீங்களும் கேட்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு அவ்வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் முட்டையும் சேர்ப்பதற்கான பொறுப்பை நமது ஜமாஅத் ஏற்க முடியும். தலைவர் அவர்களிடம் பேசியிருக்கிறேன், சம்மதித்துள்ளார்கள். கொடுக்க விரும்புவோர், யாருக்கு என்று கேளாமல் கொடுங்கள்.

வரும் ஞாயிறு காலை, லுஹருக்கு முன்வரை, சுகாதாரப் பணியாளர்கள் மதரஸா முற்றத்தில் இருப்பார்கள். பெண்களுக்குப் பின்வாசல் பக்கம் தனி ஏற்பாடு. இருமல் உள்ளவர்கள் வரட்டும். முதல் ஆளாக நான் சளிக்குப்பி வாங்கிக்கொள்கிறேன். எனக்கும் பத்து நாளாக இருமல் இருக்கிறது. குத்பாவுக்கு நேரமாகிவிட்டது, ஸுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.